கைக்குழந்தைக்கு மூளை எம்ஆர்ஐ: மயக்க மருந்தா, தாய்ப்பாலா, பெரிய மெஷினா, எதுல காசு போடலாம்?

எங்க சென்டர்ல இந்த வருஷம் ஒரு பேச்சு வந்துச்சு. கைக்குழந்தைங்களோட மூளை ஸ்கேன் சரியா வரமாட்டேங்குது, ரிப்போர்ட்ல அடிக்கடி "மோஷன் இருக்கு, தெளிவா சொல்ல முடியல, திரும்ப எடுங்க"ன்னு வருது, இத சரி பண்ண கொஞ்சம் பணம் ஒதுக்கறோம், எதுல போடலாம் சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர் இப்ப இருக்கற 1.5 டெஸ்லா மெஷின (டெஸ்லாங்கறது காந்தத்தோட பலத்துக்கு அளவு) எடுத்துட்டு 3 டெஸ்லா வாங்கலாம்னார். இன்னொருத்தர் மயக்க டாக்டர வாரத்துல மூணு நாள் வர வைக்கலாம்னார். என்.ஐ.சி.யூ (பச்சக்குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் மட்டும், "எனக்கு ஒரு தனி ரூம், கூட ஒரு ஆள், ரெண்டு மணி நேரம் குடுங்க, நான் தூங்க வச்சுத் தரேன்"னாங்க. நான் பதினாலு வருஷமா எம்ஆர்ஐ டெக்னீஷியன். இந்த மூணையும், இதுக்கு வெளிய இருக்கற இன்னும் சில வழிகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிச்சத எழுதறேன். இதே முடிவெடுக்க வேண்டிய இடத்துல இருக்கறவங்களுக்கும், குழந்தைய ஸ்கேனுக்கு தூக்கிட்டு வரப்போற அப்பா அம்மாவுக்கும் பயன்படும்.

மொதல்ல ஏன் இது கஷ்டம்னு சொல்லிடறேன், அது புரியலைன்னா எந்த மெஷின் வாங்கினாலும் காசு வேஸ்ட்டு. பிறந்த குழந்தையோட மூளைங்கறது பெரியவங்க மூளைய சின்னதாக்கினது கிடையாது. அதுல தண்ணி ரொம்ப ஜாஸ்தி, நரம்பு மேல கொழுப்பு உறையா படியற மயலின் இன்னும் வந்து சேரல, அதனால எம்ஆர்ஐல எடுக்கற டி1, டி2ங்கற ரெண்டு அடிப்படை வகைப் படத்துல, டி1ல பெரியவங்களுக்கு வெளுப்பா தெரியற வெள்ளைப் பகுதி குழந்தைக்கு கருப்பா தெரியும், டி2ல அதுக்கு தலைகீழ். மயலின் கீழ இருந்து மேல, நடுவுல இருந்து வெளிய, பின்னாடி இருந்து முன்னாடின்னு ஒரு வரிசையில வந்துட்டு இருக்கும், டி1 படம் கிட்டத்தட்ட ஒரு வயசுலயும் டி2 படம் ரெண்டு வயசு வாக்குலயும்தான் பெரியவங்க படம் மாதிரி ஆகும். நடுவுல ஆறுல இருந்து எட்டு மாசம் வரைக்கும் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் ஒரே நிறத்துல கலந்துபோய் நிக்கும், அந்த வயசுல எடுத்த படத்துல எல்லை எங்கன்னு கம்ப்யூட்டருக்கும் தெரியாது, அனுபவப்பட்ட ரேடியாலஜிஸ்ட்டே கண்ண சுருக்கிட்டுத்தான் பாப்பாங்க.

அடுத்தது சைஸ். பிறந்த குழந்தையோட தலைச் சுற்றளவு 33ல இருந்து 35 சென்டிமீட்டர். அதுக்குள்ள இருக்கற மடிப்புகளப் பாக்கணும்னா படத்தோட ஒவ்வொரு புள்ளியும் சின்னதா இருக்கணும். இங்கதான் கணக்கு இடிக்குது. ஒரு மில்லிமீட்டர் புள்ளிய அரை மில்லிமீட்டரா ஆக்கினா மூணு பக்கமும் பாதியாகி கன அளவு எட்டுல ஒரு பங்கா குறையுது, சிக்னலும் எட்டுல ஒரு பங்கு, அத வெறும் நேரத்தக் கூட்டி ஈடுகட்டணும்னா 64 மடங்கு நேரம் வேணும். ஆகமொத்தம் நல்ல படம்னா நேரம், நேரம்னா குழந்தை அசையாம இருக்கணும். எல்லா வழியையும் நான் இந்த ஒரு கேள்விய வச்சுத்தான் அளக்கறேன், இது குழந்தைய அசையாம வைக்குதா, இல்ல அசைஞ்சாலும் படத்தக் காப்பாத்துதா.

மயக்க வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், நம்ம பக்கம் பெரும்பாலும் நடக்கறது அதுதான். இதுல ரெண்டு வகை. ஒண்ணு, ட்ரைக்ளோஃபாஸ் சிரப், எல்லாரும் பெடிக்ளோரில்னு சொல்றது, வாயில ஊத்தி தூங்கற வரைக்கும் காத்திருக்கறது. இன்னொண்ணு, மயக்க டாக்டர் கூடவே நின்னு ஊசி வழியாவோ கேஸ் வழியாவோ முழு மயக்கம் குடுக்கறது. ரெண்டாவதுல படம் அருமையா வரும், அதுல சந்தேகமே இல்ல, குழந்தை சிலை மாதிரி கிடக்கும், நாற்பது நிமிஷ ஸ்கேன நிம்மதியா எடுக்கலாம். சிரப்பு விஷயம் அப்படி இல்ல. சில குழந்தை வெயிட்டிங் ஹால்லயே தூங்கி, டேபிள்ல வச்சு மெஷின் சத்தம் போட்டதும் எந்திரிச்சிரும், சிலது தூங்காம எரிச்சலாகி ஊரையே கூட்டும், அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்தலாமான்னு யாராவது கேப்பாங்க, அந்த இடத்துலதான் எனக்கு பயமே. கூட்டிக் குடுத்த மருந்து வேலை செய்யறது ஸ்கேன் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில, கார்ல தலை தொங்கி மூச்சுக்குழாய் மடங்கினா பாக்க ஆள் இல்ல. சிரப்னதும் லேசா எடுத்துக்கறாங்க, ஆனா அதுவும் மயக்கமருந்துதான், ஆக்சிஜன் அளவு பாக்கற கருவியும் முழுசா முழிச்ச அப்புறம்தான் டிஸ்சார்ஜ்ங்கற விதியும் இல்லாம குடுக்கவே கூடாது.

மயக்கமருந்து வளர்ற மூளைய பாதிக்குமாங்கற கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா இதுதான்: 2016 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மூணு வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு மேலயோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் குடுத்தா மூளை வளர்ச்சிய பாதிக்கலாம்னு எச்சரிக்கை குடுத்துச்சு. அதுக்கப்புறம் 2019ல லான்செட்ல காஸ் ட்ரயலோட அஞ்சு வயசு ரிசல்ட் வந்துச்சு, ஏழு நாட்டுல 722 கைக்குழந்தைங்க, ஹெர்னியா ஆபரேஷனுக்கு சராசரியா ஒரு மணி நேரத்துக்கு உள்ள முடியற மயக்கம் வாங்கினவங்களுக்கும் முதுகுல ஊசி மட்டும் போட்டவங்களுக்கும் புத்திக்கூர்மையில வித்தியாசம் தெரியல. அதனால ஒரு தடவை, சின்ன மயக்கம்னா அப்பா அம்மா பதற வேண்டாம். ஆனா குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு மயக்கத்துக்கு அப்புறம் மூச்சு நின்னு நின்னு வர்ற ஆபத்து நிஜம், ராத்திரி அட்மிட் பண்ணி பாக்கணும், அதோட செலவும் அலைச்சலும் குடும்பத்துக்குத்தான். பட்டினி வேற. தாய்ப்பாலுக்கு நாலு மணி நேரம், பவுடர் பாலுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடணும், நம்ம ஸ்லாட் எப்பவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது, மூணு வாரக் குழந்தை ஏழு மணி நேரம் பட்டினியா அழுதத நான் பாத்திருக்கேன்.

இப்ப சிஸ்டர் சொன்ன வழி. வெளிநாட்டுல இதுக்கு ஃபீட் அண்ட் ராப்னு பேர், பால் குடுத்து சுத்தி வச்சு தூங்க வைக்கறது, அவ்வளவுதான், நம்ம பாட்டிங்க தினமும் பண்றது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ரொம்பத் துல்லியமா பச்சக்குழந்தை மூளைய எடுத்தவங்க இப்படித்தான் எடுத்தாங்க. லண்டன் செயின்ட் தாமஸ் ஹாஸ்பிடல்ல நடந்த டெவலப்பிங் ஹ்யூமன் கனெக்டோம் ப்ராஜெக்ட்ல, கிங்ஸ் காலேஜ், இம்பீரியல், ஆக்ஸ்ஃபோர்டு மூணும் சேந்து செஞ்சது, 2021ல வெளிவிட்ட மூணாவது ரிலீஸ்ல 783 குழந்தைங்களோட 887 ஸ்கேன் இருக்கு. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், மருந்தே இல்லாம இயற்கையான தூக்கத்துல. அவங்க செஞ்ச சின்னச் சின்ன வேலைகளப் பாத்தாதான் இது ஏன் ஜெயிக்குதுன்னு புரியும். காதுக்குள்ள பல் டாக்டர் அளவெடுக்க வைக்கிற மாவு மாதிரி பசைய வச்சு அடைச்சாங்க, அதுக்கு மேல குட்டி காது மூடி, அதுக்கும் மேல சத்தம் தடுக்கற மூடாப்பு. மெஷின் திடீர்னு கத்தினா குழந்தை தூக்கிப் போடும்ல, அதுக்காக சத்தம் மெல்ல மெல்ல ஏறற மாதிரி மெஷினோட ப்ரோக்ராமையே மாத்தினாங்க. குழந்தைய ஒரு வாக்குவம் பையில படுக்க வைப்பாங்க, உள்ள தெர்மோகோல் உருண்டை மாதிரி இருக்கும், காத்த உறிஞ்சினா அப்படியே குழந்தையோட உடம்பு வாட்டத்துக்கு இறுகிக்கும், மடியில கிடக்கற மாதிரி. ஸ்கேன் முழுக்க கூட ஒரு குழந்தை டாக்டரோ நர்ஸோ இருந்து நாடி, ஆக்சிஜன், உடம்பு சூடு எல்லாம் பாத்துட்டே இருப்பாங்க.

எங்ககிட்ட அவ்வளவு வசதி இல்ல, ஆனா சிஸ்டர் கேட்டத ஒரு தடவை செஞ்சு பாத்தோம். பதினெட்டு நாள் குழந்தை, பிறக்கும்போது மூச்சுத் திணறல். ஏழு மணி ஸ்லாட், ஆறு மணிக்கே வரச் சொன்னோம். அம்மா பச்ச உடம்பு, அதனால துணைக்கு பாட்டியும் கூட வந்தாங்க. மொத வேலை குழந்தைய சோதிக்கறது. அரைஞாண்ல ஒரு தாயத்து, அதுக்குள்ள என்ன தகடுன்னு யாருக்கும் தெரியாது, கழட்டினோம். கால்ல வெள்ளித் தண்டை, வெள்ளி காந்தத்துக்கு இழுபடாது ஆனா சூடாகும், கழட்டினோம். ஜபலாவுல அமுக்கற பட்டன் இருந்துச்சு, அத மாத்தி நாடா கட்டற ஜபலா போட்டோம். கண் மையையும் கன்னத்துப் பொட்டையும் நனைச்ச பஞ்சால துடைச்சோம், சில மையில இரும்புத்தூள் கலந்திருக்கும், கண்ணு பக்கமே படம் கோணிப்போகும். கையில வசம்பு வளையல், நூல்ல கோத்தது, அது இருக்கட்டும்னு விட்டதும் பாட்டி முகத்துல ஒரு நிம்மதி. அப்புறம் அம்மாவோட தாலிக் கொடி. அதுல மூணு ஊக்கு. பால் குடுக்கற அம்மா அவசரத்துக்கு உதவும்னு எப்பவும் ஊக்கு கோத்து வச்சிருப்பாங்க, தங்கம் பரவாயில்ல, ஊக்குதான் காந்த ரூமுக்குள்ள அம்பு மாதிரி பறக்கும். நான் பாத்த செக்லிஸ்ட் எதுலயும் தாலி ஊக்குன்னு இல்ல, எங்களோடதுல இப்ப மொத வரியே இதுதான்.

பால் குடிச்சு, தோள்ல போட்டு ஏப்பம் விட்டு, விளக்கணைச்சு அரை மணி நேரம். குழந்தை தூளியில தூங்கிப் பழகினது, தட்டையா கிடத்தினதும் ரெண்டு கையையும் விரிச்சு தூக்கிப் போட்டு அழுதுச்சு. சிஸ்டர் பாட்டிகிட்ட தூளி கட்டற புடவைய கேட்டாங்க, பழைய நூல் புடவை, சரிகை இல்லாதது, பையில இருந்துச்சு. அதுலயே கை ரெண்டையும் உடம்போட சேத்து சுத்தினாங்க. இந்த தடவை முழிக்கல. காதடைச்சு, குட்டி மூடி போட்டு, தலைக்கு ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சு உள்ள அனுப்பினப்ப மணி ஏழே கால். மொத சத்தத்துல புருவத்த ஒரு தடவை சுருக்குச்சு, அவ்வளவுதான். இருபத்திநாலு நிமிஷம், டிஃப்யூஷன் (மூளைக்குள்ள தண்ணி எப்படி நகருதுன்னு காட்டற படம்), டி2, டி1, மூளை நடுவுல இருக்கற தாலமஸ்ல ஸ்பெக்ட்ரோஸ்கோபி (அங்க இருக்கற ரசாயனங்கள அளக்கறது), நாலும் கிடைச்சது. உள் கேப்சூல்ங்கற நரம்புக் கட்டோட பின்பகுதியில வரவேண்டிய அந்த சின்ன வெளுப்பு டி1ல இருக்கா இல்லையாங்கறததான் மூச்சுத்திணறல் கேஸ்ல டாக்டருங்க மொதல்ல தேடுவாங்க, அது அசைவே இல்லாம பளிச்னு தெரிஞ்சது.

இதுக்கும் எல்லை இருக்கு, மறைக்கக்கூடாது. மூணு மாசம் வரைக்கும் இது அருமையா நடக்கும், நாலு அஞ்சு மாசத்துல பாதிக்குப் பாதி போராட்டம், ஆறு மாசத்துக்கு மேல பகல்ல நடக்கவே நடக்காது, குழந்தை சுத்தி முத்தி பாக்க ஆரம்பிச்சிருக்கும். அந்த வயசுக்கு ராத்திரி ஸ்கேன்தான் வழி. அமெரிக்காவுல ஆட்டிசம் வர வாய்ப்புள்ள குழந்தைங்கள வச்சு நடந்த இன்ஃபன்ட் ப்ரெயின் இமேஜிங் ஸ்டடியும், நார்த் கரோலினா, மினசோட்டா யூனிவர்சிட்டிங்க சேந்து செஞ்ச பேபி கனெக்டோம் ப்ராஜெக்ட்டும் மருந்து இல்லாத தூக்கத்தத்தான் நம்பினாங்க, குழந்தையோட வழக்கமான தூங்கற நேரத்துக்கு வர வச்சு எடுத்தாங்க. நம்மால ராத்திரி ஒம்போது மணி ஸ்லாட்ட ஒரு குழந்தைக்காக ரெண்டு மணி நேரம் திறந்து வைக்க முடியுமா? எங்க சென்டர்ல இப்போதைக்கு முடியாது, அதனால ஆறு மாசத்துல இருந்து ரெண்டு மூணு வயசு வரைக்கும் மயக்க டாக்டர் தேவைதான்.

இன்னொரு சிக்கல் பலர் யோசிக்காதது. பால் குடுத்து தூங்க வைக்கற முயற்சி தோத்துட்டா அந்தக் குழந்தை இப்ப வயிறு நிறைஞ்ச குழந்தை, உடனே மயக்கம் குடுக்க முடியாது, தாய்ப்பால்னா நாலு, பவுடர் பால்னா ஆறு மணி நேரம் காத்திருக்கணும். அதனால ரெண்டு வழியையும் ஒரே ஸ்லாட்ல முட்ட விடாதீங்க. காலையில ஏழு மணிக்கு பால் வழி, தோத்தா அதே நாள் மதியம் பன்னெண்டரைக்கு மயக்க டாக்டரோட ரெண்டாவது ஸ்லாட், இப்படி முன்னாடியே புக் பண்ணி வச்சா குடும்பம் வீட்டுக்கு திரும்பிப் போய் இன்னொரு நாள் வர வேண்டியதில்ல.

அசைஞ்சாலும் படத்தக் காப்பாத்தற வழிகள் பத்தி. இதுல பாதிக்கு மேல ஏற்கனவே நம்ம மெஷின்ல தூங்கிட்டு இருக்கு. ப்ரொபெல்லர் மாதிரி சுத்திச் சுத்தி டேட்டா எடுக்கற டி2 சீக்வென்ஸ் (படம் எடுக்கற முறை), ஜிஇல ப்ரொபெல்லர், சீமென்ஸ்ல பிளேட், ஃபிலிப்ஸ்ல மல்டிவேன்னு பேரு மட்டும் வேற, தலை லேசா திரும்பினா அத கண்டுபிடிச்சு சரி பண்ணிக்கும். ஒரே மூச்சுல ஒரு ஸ்லைஸ் எடுக்கற சிங்கிள் ஷாட் வகை இருக்கு, தலையில தண்ணி கோத்து ஷண்ட் (அத வடிக்கற குழாய்) வச்ச குழந்தைய ஃபாலோ அப் பண்ண அதுவே போதும், ரெண்டு மூணு நிமிஷத்துல முழுத்தலையும் முடிஞ்சிரும், மயக்கமும் வேண்டாம், சிடி ஸ்கேனோட கதிர்வீச்சும் வேண்டாம். ஷண்ட் குழந்தைக்கு வாழ்க்கையில எத்தனை ஸ்கேன் வரும்னு யோசிச்சுப் பாருங்க, இத இன்னும் பல இடத்துல செய்யாம சிடிக்கு அனுப்பறது எனக்கு மனசுக்கு ஒப்பல. லண்டன் ப்ராஜெக்ட்ல இதுக்கும் ஒரு படி மேல போய், ரெண்டு கோணத்துல ஸ்லைஸ் எடுத்து, அசைஞ்ச ஒவ்வொரு ஸ்லைஸையும் அது இருக்க வேண்டிய இடத்துல பொருத்தி 0.5 மில்லிமீட்டர் முழு உருவமா கட்டினாங்க. ஆராய்ச்சிக்கு பிரமாதம், ஆனா அன்னிக்கு மதியம் ரிப்போர்ட் குடுக்கவேண்டிய நமக்கு அந்த கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கிடையாது. கம்பெனிக்காரங்க இப்ப விக்கிற ஏஐ வச்சு படத்த தெளிவாக்கற சாஃப்ட்வேர் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இத கத்துக்குடுத்தப்ப ஒரு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க படம் அதுல இருந்துச்சா. பெரியவங்க மூளைய பாத்துக் கத்துக்கிட்டது, தண்ணி நிறைஞ்ச குழந்தை மூளையில எத அழுக்குன்னு நினைச்சு துடைக்கும்னு சொல்ல முடியாது.

சுத்தமா காசே இல்லாம செய்யக்கூடிய முன்னேற்றம் ப்ரோட்டோகால், அதாவது ஸ்கேன் செட்டிங்குகள, மாத்தறது. பெரியவங்களுக்கு வச்ச டி2 செட்டிங்ல, எக்கோ டைம் (சிக்னல் வாங்கறதுக்கு முன்னாடி மெஷின் காத்திருக்கற நேரம்) நூறு மில்லிசெகண்டு பக்கத்துல, பச்சக்குழந்தைய எடுத்தா எல்லாம் ஒரே சாம்பல் கஞ்சி. லண்டன்ல டி2வுக்கு வச்சது ரிப்பீட்டிஷன் டைம் (ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) 12 செகண்டு, எக்கோ டைம் 156 மில்லிசெகண்டு. தண்ணி ஜாஸ்தியான மூளைக்கு அவ்வளவு நீளமா வச்சாதான் சாம்பலும் வெள்ளையும் பிரியும். எங்க மெஷின்ல நாங்க எக்கோ டைமையும் ரிப்பீட்டிஷன் டைமையும் கூட்டி தனியா ஒரு குழந்தை ப்ரோட்டோகால் சேவ் பண்ண எடுத்துக்கிட்ட நேரம் ஒரு சாயங்காலம். வரிசையும் முக்கியம், எந்த நிமிஷமும் முழிச்சிடலாம்னு நினைச்சே எடுக்கணும், எது இல்லைன்னா ரிப்போர்ட்டே எழுத முடியாதோ அத மொதல்ல எடுங்க.

எந்த நாள் எடுக்கறதுங்கறதும் இலவச முன்னேற்றம்தான். மூச்சுத்திணறல் குழந்தைக்கு டிஃப்யூஷன் படத்துல பாதிப்பு மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாள் வாக்குல நல்லா தெரியும், ஒரு வாரம் தாண்டினா பொய்யா நார்மல் மாதிரி ஆயிடும், உடம்ப குளிர வச்சு சிகிச்சை குடுத்திருந்தா அந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளும். பத்தாவது நாள் டிஃப்யூஷன மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பினா அந்தக் குடும்பம் பின்னாடி எவ்வளவு உடைஞ்சு போகும். அந்த நேரத்துல தாலமஸ்ல ஸ்பெக்ட்ரோஸ்கோபி சேத்து எடுக்கறது சில நிமிஷம்தான், மார்பிள்ங்கற ஸ்டடி 2019ல லான்செட் நியூராலஜில வந்தப்ப, குழந்தை பின்னாடி எப்படி இருக்கும்னு சொல்றதுல அங்க அளக்கற என்ஏஏங்கற நரம்பு செல் ரசாயனம்தான் முன்னணியில இருந்துச்சு. நம்ம நாட்டுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா இந்தியா, இலங்கை, பங்களாதேஷ்ல 408 குழந்தைங்கள வச்சு நடந்த ஹெலிக்ஸ் ட்ரயல்ல, சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜும் அதுல இருந்துச்சு, குளிர வைக்கற சிகிச்சை நம்ம குழந்தைங்களுக்கு எதிர்பார்த்த பலன தரல, இறப்பு கூடிச்சுன்னு 2021ல வந்துச்சு. மேல்நாட்டு அனுபவத்த அப்படியே நம்ப முடியாத இடத்துல, இந்தக் குழந்தை மூளையில என்ன நடந்திருக்குன்னு நல்ல படமா பாக்கறது இன்னும் பெரிய தேவை.

"இன்னும் தலை நிக்கல, குப்புற விழல"ன்னு ஆறு ஏழு மாசத்துல வர்ற குழந்தைங்க விஷயத்துல, அவசரம் இல்லைன்னா, எந்த மாசம் எடுத்தா பதில் கிடைக்கும்னு டாக்டர்கிட்ட பேசி தள்ளி வைக்கலாம், நான் மேல சொன்ன அந்த கலங்கின காலத்துல எடுத்து ரெண்டு வயசுல திரும்ப மயக்கம் குடுத்து எடுக்கறதுக்கு அது தேவலாம். ஃபிட்ஸ் வர்ற குழந்தைக்கு மட்டும் தள்ளவே கூடாது. மூளை மேல்தட்டுல பிறவியிலயே இருக்கற சில குறைகள் மயலின் வர்றதுக்கு முன்னாடி, மொத சில மாசத்துல தெரிஞ்சு, அப்புறம் மறைஞ்சு போறது உண்டு.

இப்ப பெரிய மெஷின். 3 டெஸ்லான்னா 1.5ஐ விட சிக்னல் கணக்குப்படி ரெண்டு மடங்கு, உண்மைதான், லண்டன்லயும் 3 டெஸ்லாதான். ஆனா அங்க இன்னொண்ணும் இருந்துச்சு, பச்சக்குழந்தை தலைக்குன்னே செஞ்ச 32 சேனல் காயில், தலைய சுத்தி நின்னு சிக்னல் வாங்கற கூண்டு. பெரியவங்க காயில்ல குழந்தை தலைய வச்சா சுத்தியும் அவ்வளவு காலி இடம், சிக்னல் வாங்கற கம்பி எல்லாம் தூரத்துல நிக்கும். குழந்தைக் காயில் இல்லாத இடங்கள்ல முட்டிக்கு வச்சிருக்கற காயில்ல குழந்தை தலைய வச்சு எடுக்கற வழக்கம் உண்டு, நாங்களும் கம்பெனி இன்ஜினியர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு எடுத்துப் பாத்தோம், அதே 1.5 டெஸ்லால, அதே குழந்தைக்கு, மடிப்புகள் எண்ணற அளவுக்கு தெளிவாச்சு. கேக்காம செய்யாதீங்க, சில முட்டி காயில் தானே ரேடியோ அலைய அனுப்பவும் செய்யும், தலைக்கு எவ்வளவு சூடு போகும்னு கணக்கு தெரியணும். 3 டெஸ்லால அந்த சூடு பிரச்சனை இன்னும் ஜாஸ்தி, ஒரே சீக்வென்ஸுக்கு உடம்புல ஏறற சக்தி ஏறக்குறைய நாலு மடங்கு, சத்தமும் பெரும்பாலும் கூடுதல், தூங்கற குழந்தைக்கு ரெண்டுமே நல்லதில்ல. கோடிக்கணக்குல குடுத்து வாங்கின மெஷின்ல அசைஞ்ச குழந்தைய எடுத்தா அசைஞ்ச படம்தான் வரும். அதனால என் கணக்குல மொதல்ல குழந்தைக் காயில், பெரிய காந்தம் எல்லாத்துக்கும் கடைசி. குழந்தைங்களுக்கு ஃபிட்ஸ் ஆபரேஷன் பண்ற டீம் எங்க ஊர்ல ஆரம்பிச்சா நானே 3 டெஸ்லாவுக்கு கையெழுத்து போடுவேன், அங்க ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம்.

எதிர்ப்பக்கம் சின்ன மெஷின். ஹைப்பர்ஃபைன் கம்பெனியோட ஸ்வூப், 0.064 டெஸ்லா, 2020ல எஃப்டிஏ அனுமதி வாங்கினது. 3 டெஸ்லாவோட ஒப்பிட்டா 47ல ஒரு பங்கு பலம். ஆனா சாதா ப்ளக்ல சொருகலாம், ஹீலியம் வேண்டாம், சக்கரம் வச்சு படுக்கை பக்கத்துக்கே தள்ளிட்டுப் போகலாம், சத்தம் கம்மி, அம்மா பக்கத்துலயே உக்காந்து கைய வச்சிருக்கலாம். கேட்ஸ் ஃபவுண்டேஷன் உதவியோட யூனிட்டின்னு ஒரு திட்டம் ஆப்பிரிக்கா, ஆசியாவுல எம்ஆர்ஐயே எட்டாத இடங்கள்ல குழந்தை மூளை வளர்ச்சிய இதுல அளந்துட்டு இருக்கு. மூளைக்குள்ள தண்ணி அறை வீங்கியிருக்கா, பெரிய ரத்தக்கசிவா, மொத்தமா எவ்வளவு வளர்ந்திருக்கு, இதெல்லாம் சொல்லும். உள் கேப்சூல்ல அந்த சின்ன வெளுப்பு, மேல்தட்டுல சின்ன குறை, இதுக்கு அத நம்பி முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன். என்.ஐ.சி.யூக்குள்ளயே வைக்கற 1 டெஸ்லா எம்ப்ரேஸ் மெஷின் 2017ல அனுமதி வாங்கினது, படம் இத விட நல்லாருக்கும், ஆனா அது குழந்தைக்கு மட்டும்தான், பெரிய யூனிட் இருந்தாதான் கட்டுப்படியாகும். வென்டிலேட்டர்ல இருக்கற எண்ணூறு கிராம் குழந்தைய லிஃப்ட்ல இறக்கி, வராண்டா கடந்து, ஏசி குளிர்ல எங்க ரூமுக்கு கொண்டு வர்ற அந்த பதினஞ்சு நிமிஷம் எவ்வளவு பயங்கரம்னு கூட வந்த சிஸ்டருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட குழந்தைக்கு மெஷின் தேடி வர்றதுதான் சரி. அது இல்லாத இடத்துல உச்சிக்குழி வழியா எடுக்கற அல்ட்ராசவுண்ட மறந்துடாதீங்க, குறைமாசக் குழந்தைக்கு ரத்தக்கசிவு பாக்க அதுவே மொத வழி, எல்லா குறைமாசக் குழந்தைக்கும் வழக்கமா எம்ஆர்ஐ எடுக்க வேண்டாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் 2015லயே சொல்லிட்டாங்க.

எங்க மீட்டிங்ல நான் எழுதிக் குடுத்தது இது. மூணு மாசத்துக்கு கீழன்னா பால் வழி, அதுக்கு இருட்டான ஒரு ரூம், குழந்தைங்க கூட பழகின ஒரு சிஸ்டர், காது மூடி, வாக்குவம் பை, எம்ஆர்ஐ ரூமுக்குள்ள வைக்கக்கூடிய ஆக்சிஜன் மீட்டர், காலையில ரெண்டு ஸ்லாட் குழந்தைக்கு மட்டும். மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் மொதல்ல பால் வழி, பின்னாடி மயக்க ஸ்லாட் காத்திருக்கணும். அதுக்கு மேல வாரத்துல ஒரே நாள், முழு மயக்கம், மயக்க டாக்டர் கூடவே, சிரப்ப மட்டும் நம்பி அனுப்பறத நிறுத்தணும். அடுத்த பணம் வந்தா குழந்தைக் காயில். பால் வழி ஸ்லாட்டுக்கு ரெண்டு மணி நேரம் போகுதே, அதுல பெரியவங்க நாலு பேர எடுத்துடலாமேன்னு கேட்டாங்க. எடுக்கலாம், ஆனா திரும்ப வர்ற குழந்தைங்க ஸ்லாட்டும், மயக்க டாக்டர் ஃபீஸும், ராத்திரி அட்மிஷனும் சேத்து கணக்கு போட்டா அந்த ரெண்டு மணி நேரம் நஷ்டம் இல்ல. ரூம் கிடைச்சிருக்கு. காயில் அடுத்த வருஷம்னு சொல்லியிருக்காங்க.

அப்பா அம்மாவா இத படிக்கறவங்க, ஸ்கேன் தேதி வாங்கும்போதே "பால் குடுத்து தூங்க வச்சு எடுப்பீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, எடுப்போம்னா கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு நிறைய குடுத்துடாதீங்க, வழியில தூங்க விடாதீங்க, கொஞ்சம் பசியோட, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோட கொண்டு வாங்க, நாடா ஜபலா, சரிகை இல்லாத பழைய தூளிப் புடவை எடுத்துட்டு வாங்க, தாலியில இருக்கற ஊக்க வீட்லயே கழட்டி வச்சிட்டு வாங்க. மயக்கம்தான்னா கடைசிப் பால் எத்தனை மணிக்குன்னு எழுதி வாங்கிக்கோங்க, அன்னிக்கு லேட் ஆச்சுன்னா இன்னொரு தடவை பால் குடுக்கலாமான்னு அங்கயே கேளுங்க.